எழுபத்தெட்டு கிலோ பூனை

பதினான்காம் நம்பர் வீட்டில் குடியிருப்பவர்கள் இரண்டே பேர். அவர்களில் நடக்க முடிந்தவர் மகள் மட்டும்தான். பூந்தோட்ட நகரில் இது தெரியாதவர்கள் கிடையாது. சல்லடை என்கிற மென்பொருளுக்குத்தான் தெரியவில்லை.

கோகிலவாணி திரையை இன்னொரு தடவை படித்தாள். ‘ஆண். வயது அறுபதுக்கு மேல். எழுபத்தெட்டு கிலோ. இடது காலை லேசாக இழுத்து நடக்கிறார்.’ மகள் வேலைக்குக் கிளம்பிய பிறகு தினமும் அந்த மனிதர் கூடத்தைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறார். நடையில் ஒரு உற்சாகம் வேறு. நடுவில் சமையலறைக்குப் போய், மேல் தட்டிலிருந்து ஏதோ டப்பாவை இறக்கி, திரும்ப ஏற்றி வைத்துவிட்டு மறுபடி சுற்றல்.

ஒப்புதல் கையெழுத்து வாங்கப் போன அன்று அந்த வீட்டுக்காரரை வாணி பார்த்திருந்தாள். ரங்கநாயகம், பஸ் டிப்போவில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். குளியலறையில் வழுக்கி விழுந்ததிலிருந்து இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே இல்லை என்று மகள் நிரஞ்சனா சொன்னாள். கட்டிலில் மல்லாந்து கிடந்தபடியே அவர் பாவமாகக் கையை மட்டும் அசைத்தார்.

“அடப்பாவி மனுசா” என்றாள் வாணி திரையைப் பார்த்து.

இந்தக் காலடிக் கணக்கெல்லாம் எதற்காக என்று சொல்ல வேண்டும். கோயமுத்தூரின் அந்தப் பகுதி ஒரு காலத்தில் முழுக்கத் தோட்டம். தோட்டத்துக்குத் தோட்டம் கிணறு. மனை பிரித்து விற்றபோது கிணறுகளைக் கட்டட இடிபாடும் குப்பையும் போட்டு மூடி, மேலே வீடு கட்டிவிட்டார்கள். எந்தக் கிணறு எங்கே என்று யாருக்கும் ஞாபகமில்லை. போன மழையில் பூந்தோட்ட நகரில் ஒரு வீட்டின் போர்டிகோ ஸ்கூட்டரோடு பூமிக்குள் போய்விட்டது. நல்லவேளை, ஸ்கூட்டரில் ஆளில்லை. பயந்துபோன குடியிருப்போர் சங்கம், மண்ணுக்குள் பார்த்துச் சொல்லும் சின்ன நிறுவனம் ஒன்றைக் கூப்பிட்டது. அதன் முதலாளி டேனியல். அவரிடம் வேலை பார்க்கும் ஒரே நிலவியல் பொறியாளர் வாணி.

முதல் கூட்டத்திலேயே ஒருவர் எழுந்து கேட்டார். “ஏனுங், எண்ணெய் எடுக்கறவங்க ரெண்டு மூணு கிலோமீட்டர் கீழ இருக்கறதைச் சொல்றாங்க. உங்களுக்கு இருவது அடி தெரியாதுங்ளா?”

“அதுதாங்க சிக்கலே” என்றார் டேனியல். “தரையில ஒரு அடி அடிச்சா அதிர்வு கீழ போய் மோதித் திரும்பி வரும். அதை வெச்சுத்தான் படம் போடறோம். மலைக்கு எதுத்தாப்பல நின்னு கூவுனா எதிரொலி தனியாக் கேக்கும். ஒரு முழம் தள்ளிச் சுவர் இருந்தா? உங்க குரலும் எதிரொலியும் ஒண்ணாக் கலந்துரும். ஆழத்துல இருக்கறதைப் பாக்கலாங்க. காலுக்குக் கீழ இருக்கறதுதான் படுத்தி எடுக்கும். அதுலயும் உங்க தெருவுல லாரி ஓடுது, மோட்டார் ஓடுது.”

சொன்னபடியே ஆயிற்று. இரும்புத் தகட்டில் சுத்தியலால் அடித்து எடுத்த படங்கள் சாம்பாரைக் கொட்டிய துணி மாதிரி இருந்தன. வீட்டுக்குள் வந்து அடிக்கலாமா என்று கேட்டதற்கு, டைல்ஸ் உடைந்தால் யார் பொறுப்பு என்று எல்லா வீட்டிலும் கதவைச் சாத்தினார்கள்.

அப்போதுதான் வாணி அந்த யோசனையைச் சொன்னாள். தெருவில் ஏற்கெனவே புதைந்திருக்கும் இன்டர்நெட் கேபிளைக் காதாக வைத்துக்கொள்ளலாம். சுத்தியல் எதற்கு? வீட்டுக்குள் ஜனங்கள் நடக்கிறார்களே, ஒவ்வொரு காலடியும் ஒரு சின்ன அடிதானே? ஒரே பாதையில் ஆயிரம் தடவை நடந்தால், ஆயிரத்தையும் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினால், இரைச்சல் தேய்ந்து எதிரொலி எழும்பி வரும். இதற்கு எந்தக் காலடி யாருடையது என்று பிரிக்கத் தெரிய வேண்டும். பிரிப்பதற்காக அவள் எழுதிய மென்பொருளுக்குச் சல்லடை என்று பெயர் வைத்தாள்.

“எந்த ரூம்ல யாரு இருக்கறாங்கன்னெல்லாம் தெரியுங்ளா?” என்று சங்கத்துப் பெண்மணி ஒருவர் சந்தேகமாகக் கேட்டார்.

“சேச்சே. மண்ணை மட்டும்தாங்க பாப்போம்” என்றார் டேனியல். அன்றைக்கு அவர் அதை நம்பித்தான் சொன்னார்.

மண்ணை மட்டும் பார்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று வாணிக்கு ஒரே வாரத்தில் தெரிந்துவிட்டது. எட்டாம் நம்பர் தம்பதி ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒருவர் இருக்கும் அறைக்குள் மற்றவர் நுழைவதே இல்லை. இருபதாம் நம்பர் கல்லூரிப் பெண் அப்பா குளிக்கப் போனதும் மொட்டை மாடிக்கு ஓடுகிறாள், தண்ணீர் நின்றதும் இறங்கி வருகிறாள். தெருவில் அவர்கள் எதிரே வந்து சிரித்தால் வாணிக்குப் பதிலுக்குச் சிரிக்க முடியவில்லை. அடுத்தவர் வீட்டுக் கதவைத் திறந்து பார்த்துவிட்டு வந்தவளைப் போலத் தலையைக் குனிந்துகொண்டு போனாள்.

ஒப்புதல் கொடுத்தவர்களின் காலடியை மட்டும்தான் படத்துக்கு எடுக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். பதினான்காம் வீட்டில் கையெழுத்துப் போட்டவள் நிரஞ்சனா மட்டும். ஆகவே அந்த எழுபத்தெட்டு கிலோ ஆசாமி குப்பைக்குப் போக வேண்டியவர். வாணி அவரை எடுத்துவிட்டுப் படத்தைப் போட்டாள். கூடத்துக்குக் கீழே கெட்டியான செம்மண், அப்புறம் பாறை. இவ்வளவு பத்திரமான வீடு வேறு கிடையாது. ஏதோ உறுத்த, அவரைச் சேர்த்து மறுபடி போட்டாள். கூடத்தின் நடுவில் கறுப்பாக ஒரு வட்டம். எடுத்தால் கெட்டி மண், சேர்த்தால் கிணறு.

காரணம் புரிந்தது. நிரஞ்சனா ஒல்லி. அவள் வீட்டில் நடமாடும் காலையிலும் மாலையிலும் தெருவில் வண்டி இரைச்சல். அப்பாவோ கனத்த மனிதர், தெரு அடங்கிய நேரத்தில் ஒரே வட்டத்தில் நடக்கிறார், அதுவும் சரியாக அந்தக் கிணற்றின் தலைமேல்.

மறுநாள் மகள் கிளம்பியதும் வாணி போய் நின்றாள். கதவு சும்மா சாத்தியிருந்தது. ரங்கநாயகம் கட்டிலில் போர்வைக்குள் இருந்தார். மூச்சு மட்டும் கொஞ்சம் வாங்கியது.

“சார், உங்க வீட்டுக்கு அடியில ஒரு பழைய கிணறு இருக்குதுங்க. மேல சும்மா இடிபாட்டைப் போட்டு மூடுன மாதிரி இருக்கு. அடுத்த மழைக்குத் தாங்குமான்னு தெரியல.”

“அய்யோ. எப்படிங் அம்மணி கண்டுபிடிச்சீங்க?”

“கூடத்துல யாரோ நடந்ததுனாலங்க.”

ரங்கநாயகம் கூரையைப் பார்த்தார். மின்விசிறியைப் பார்த்தார். “பூனையா இருக்குமுங். பக்கத்து வீட்டுப் பூனை ஒண்ணு வருது.”

“எழுபத்தெட்டு கிலோ பூனைங்களா?”

“எழுபத்தாறுதானுங்” என்றார் அவர் சட்டென்று.

சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே உறைத்தது. மெதுவாக எழுந்து உட்கார்ந்து காலைத் தொங்கப் போட்டார். “முறுக்கு தின்னு ரெண்டு கிலோ ஏறியிருக்கும்” என்றார் ஈனசுரத்தில்.

வாணிக்குக் கோபம்தான் முதலில் வந்தது. “உங்களைப் பாத்துக்கணும்னு உங்க பொண்ணு வேலைக்குப் போறதைத் தவிர எங்கயும் போகாம இருக்காங்க. அவங்களுக்குத் துரோகம் பண்றமேன்னு உங்களுக்குத் தோணலீங்களா?”

“அவளுக்குத் தெரியுமுங். அவளுக்காகத்தான் படுத்திருக்கறேன்.”

அவருக்கு ஒரு அக்கா, சுந்தராத்தாள். பொள்ளாச்சியில் இருக்கிறார். தாயில்லாத தம்பியை வளர்த்து ஆளாக்கியது அவர்தான். அக்கா கேட்டு ரங்கநாயகம் எதையும் இல்லை என்று சொன்னதில்லை. அக்கா கேட்டது நிரஞ்சனாவைத் தன் மகன் கிருபாகரனுக்கு. நிரஞ்சனாவுக்கு விருப்பமில்லை. அதைச் சொல்லும் தைரியம் அப்பா, மகள் இருவருக்குமே இல்லை. இழுத்தடித்துக்கொண்டிருந்தபோதுதான் குளியலறையில் விழுந்தார். மூன்று மாதம் படுக்கை என்றார் டாக்டர். அந்த மூன்று மாதமும் அக்கா கல்யாணத் தேதியைக் கேட்கவில்லை. நாலாவது மாதம் எழுந்திருக்க முடிந்தது. எழுந்திருக்கவில்லை.

“இப்பவும் அக்கா வந்தா, தையில வெச்சுக்கலாம்பாங்க. தை வந்தா, உன்னைய இப்படிப் போட்டுட்டு எப்படிடா புள்ளையக் கூட்டிட்டுப் போறது, அடுத்த தை பாக்கலாம்பாங்க. அப்படியே ஓடுதுங்” என்றார். பிறகு குரல் இறங்கியது. “ஆறுமுகம்னு எனக்கு ஒரு சிநேகிதன். அவன் செத்தப்ப வீல்சேர்ல கூட்டிட்டுப் போறேன்னு ஆள் வந்தாங்க. நல்லாருக்கற காலை மடக்கி வெச்சுக்கிட்டு அவன் மொகத்துல போய் முழிக்க மனசு வரலீங். போகவே இல்ல.”

வாணியின் கோபம் போன இடம் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் மூன்று பேரும் உட்கார்ந்து பேசினார்கள். அறிக்கையில் ஒவ்வொரு படத்துக்கும் கீழே அது யாருடைய காலடியால் கிடைத்தது என்று போட்டாக வேண்டும். சங்கத்துப் பலகையில் ஒட்டுவார்கள். ரங்கநாயகம் பெயரைப் போட்டால் பொள்ளாச்சிக்குப் பஸ் போவதற்கு முன் செய்தி போய்விடும். போடாவிட்டால் கிணறே கிடையாது.

“கிருபா மாமா நல்லவர்தாங்க” என்றாள் நிரஞ்சனா. “அதுதான் தொல்லை. கெட்டவரா இருந்தா அன்னைக்கே வேண்டாம்னு சொல்லியிருப்பேன். எனக்குக் கல்யாணமே வேண்டாம், என் வேலை, என் வீடுன்னு இருக்கணும்னு ஆசை. இதை அத்தைகிட்ட எப்படிச் சொல்றது?”

“அதை விடுங்க. அப்பா மாதிரி கனமா இன்னொருத்தர் அதே வட்டத்துல நடந்தாப் போதும்” என்றாள் வாணி. “நானே நடக்கறேன். மிச்சக் கனத்துக்கு வீட்டுல அரிசி இருக்குதுங்களா?”

சனிக்கிழமை, தெரு அடங்கிய பிறகு, வாணி ஒரு அரிசிச் சிப்பத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டு கூடத்தைச் சுற்ற ஆரம்பித்தாள். ரங்கநாயகம் கட்டிலில் சாய்ந்துகொண்டு டிப்போவில் டிரைவர்களுக்கு வழி சொல்வது போலச் சொன்னார். “ரைட்ல ஒடிங்... சோபாகிட்ட வெட்டாதீங்... குதிகாலை ஊனி வைங் அம்மணி, குருவி மாதிரி தத்தாதீங்.”

நாலாவது சுற்றில் கதவு திறந்தது. இரண்டு கையிலும் தேங்காய்ப் பையோடு சுந்தராத்தாள் நின்றுகொண்டிருந்தார். ஆகிருதியான பெண்மணி. வாசல் நிறைந்துவிட்டது.

“இதென்ன கூத்து?”

ரங்கநாயகம் போர்வைக்குள் சரிந்தார். வாணி சிப்பத்தோடு உறைந்தாள். நிரஞ்சனாதான் வாயில் வந்ததைச் சொன்னாள். “வேண்டுதல், அத்தை. அப்பா கால் சரியாகணும்னு.”

“இந்தப் புள்ள யாரு?”

“மண்ணு பாக்க வந்தவங்க.”

சுந்தராத்தாள் வாணியை மேலும் கீழும் பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது. “மண்ணு பாக்க வந்த புள்ள, யாரோ எவரோ, என்ற தம்பிக்காகச் சுமை தூக்கிட்டுச் சுத்துது. கூடப் பொறந்தவ நான் தேங்கா கொண்டாந்துட்டு நிக்கறேன்!” செருப்பைக் கழற்றினார். முந்தானையை இழுத்துச் செருகினார். “எறக்கி வை சாமி. நான் நடக்கறேன்.”

“சிப்பம் வேண்டாங்கம்மா. நீங்க சும்மா நடந்தாலே போதும்” என்று வாணி தன்னை மறந்து சொல்லிவிட்டாள். “ஆனா இதுல ஒரு கையெழுத்துங்க.”

“வேண்டுதலுக்குக் கையெழுத்தா?”

“இப்ப எல்லாத்துக்கும் வேணுங்க.”

சுந்தராத்தாள் கையெழுத்துப் போட்டார். பிறகு நடந்தார். உதடு முணுமுணுக்க, கண்ணை மூடி மூடித் திறந்துகொண்டு, கூடம் அதிரச் சுற்றினார். வாணி போதும் என்று சொல்லியும் நிற்கவில்லை. வியர்வை வழிந்தது. போர்வைக்குள் ரங்கநாயகத்தின் உடம்பு குலுங்கியது. சிரிக்கிறார் என்று வாணி நினைத்தாள். அது சிரிப்பில்லை என்று பின்னால் அவரே சொன்னார்.

செவ்வாய்க்கிழமை பார்த்தபோது படம் அற்புதமாக வந்திருந்தது. கிணற்றின் விளிம்புகூடக் கோடு கிழித்த மாதிரி தெரிந்தது.

“யாரு வாணி இந்த அம்மா? பத்து சுத்தியலுக்குச் சமம்!” என்றார் டேனியல். அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வேறொரு விஷயத்தைச் சொன்னார். ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காரர்கள் சல்லடையைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு மண் வேண்டாம். சலித்துப் போட்ட குப்பைதான் வேண்டும். யார் நடையில் தடுமாற்றம், யார் படியேறினால் நடுவில் நிற்கிறார்கள், யார் ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறார்கள்.

“சார், மண்ணை மட்டும்தான் பாப்போம்னு சொன்னீங்களே.”

“சொன்னேன். சம்பளம் குடுக்கறேன்னும்தான் சொல்லியிருக்கேன்” என்றார் டேனியல். அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. “திங்கக்கிழமை வர்றாங்க. எடுத்து வை.”

அதற்குள் பதினான்காம் வீட்டுக்குச் சங்கத்திலிருந்து நோட்டீஸ் போய்விட்டது. கிணற்றுக்குள் கான்கிரீட் இறக்கி முடியும்வரை வீட்டைக் காலி செய்ய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வாணி போனபோது வாசலில் வேன் நின்றது. உள்ளே சுந்தராத்தாளும் நாலு ஆட்களும்.

“கட்டிலோட தூக்கிருங்கப்பா. பொள்ளாச்சியில ரூம்பு ஒழிச்சு வெச்சிருக்கறேன். தம்பி பக்கத்துலயே நான் கட்டில் போட்டுப் படுத்துக்கறேன், பகலும் ராவும். தையில அங்கயே கல்யாணத்தையும் பாத்துக்கலாம்.”

நிரஞ்சனா சுவரோடு ஒட்டி நின்றாள். கண்ணால் வாணியிடம் ஏதாவது செய்யுங்கள் என்றாள். வாணியிடம் ஒன்றுமில்லை. அவள் கண்டுபிடித்த உண்மைதான் இந்த வேனைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தது.

ஆட்கள் கட்டிலின் நாலு காலையும் பிடித்தார்கள். “விடுங்கப்பா” என்றார் ரங்கநாயகம். போர்வையை விலக்கினார். எழுந்தார். நின்றார். லேசாக இடது காலை இழுத்தபடி நடந்து அக்கா முன்னால் வந்தார்.

“மருதமலை முருகா!” சுந்தராத்தாள் தம்பியைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார். “என்ற வேண்டுதல் பலிச்சிருச்சு! நான் சுத்துனது வீண் போகல!”

அப்படியே விட்டிருந்தால் தப்பித்திருக்கலாம். முருகன் தலையில் போட்டுவிட்டு எல்லோரும் பொங்கல் வைத்துச் சாப்பிட்டிருக்கலாம். அத்தையின் அழுகையை நிரஞ்சனாவால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

“அத்தை, அப்பா எப்பவோ நடக்க ஆரம்பிச்சுட்டாரு. எனக்காகப் படுத்திருந்தாரு. எனக்குக் கல்யாணம் வேண்டாம், அத்தை.”

ஆட்கள் நாலு பேரும் விஷயம் கனமாவதைப் பார்த்து வேனுக்குப் போனார்கள். சுந்தராத்தாள் தரையில் இருந்த பெட்டி மேல் உட்கார்ந்தார்.

“ரெண்டு வருசமாவா?”

“ஒண்ணே முக்கால்தான் அக்கா” என்றார் ரங்கநாயகம்.

“வாயை மூடு.” அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். மறுபடி பேசியபோது குரல் வேறு மாதிரி இருந்தது. “கிருபாகரன் போன ஆவணியில பெங்களூருல ரிஜிஸ்டர் கல்யாணம் பண்ணிட்டான்.”

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. முதலில் வாய் திறந்தது ரங்கநாயகம். “சொல்லியிருக்கலாமில்ல, அக்கா?”

“எப்படிடா சொல்றது? படுத்துக் கெடக்கற தம்பிகிட்டப் போய், உன்ற புள்ளைய என்ற மகன் வேண்டாம்னுட்டான்னு எந்த வாயில சொல்றது? உன்ற மனசு நோகக்கூடாதுன்னுதான் தையி தையின்னு தள்ளிட்டு வந்தேன். நீ எந்திரிச்சு நடந்தாச் சொல்லிரலாம்னு பாத்தேன். அதுக்குத்தானே அன்னைக்கு அத்தனை சுத்துச் சுத்துனேன்!”

நிரஞ்சனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து முடியாமல் அத்தை பக்கத்தில் உட்கார்ந்து அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சுந்தராத்தாள் சிரிக்கவில்லை. அவர் மருமகளின் தலையைத் தடவிக்கொடுத்தார். தம்பியைத் திரும்பிப் பார்க்கவில்லை. அப்புறம் பத்து நாள் அவருடைய போனையும் எடுக்கவில்லை. அப்பாவும் மகளும் அதே நகரில் ஒரு மாடி வீட்டை வாடகைக்குப் பிடித்துப் போனார்கள். ரங்கநாயகம் முதல் காரியமாக ஆறுமுகத்தின் வீட்டுக்கு நடந்தே போய் வந்தார்.

அன்று வேன் கிளம்பும்போது சுந்தராத்தாள் வாணியை ஓரமாகக் கூப்பிட்டார். “சாமி, அந்த மெஷினைப் பொள்ளாச்சியில வெக்க முடியுங்ளா? என்ற வீட்டுக்காரருக்குச் சக்கரை. மத்தியானம் நான் கண்ணசந்தா, பூனையாட்ட ஃப்ரிட்ஜ் வரைக்கும் போயிட்டு வர்றாருன்னு ஒரு சந்தேகம்.”

“முடியாதுங்கம்மா.”

“சும்மாதான் கேட்டேன்” என்றார் அவர். ஆனால் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது.

பஸ்ஸில் வாணி அதையேதான் நினைத்துக்கொண்டு போனாள். தம்பி மனசு நோகக்கூடாது என்று மகன் கல்யாணத்தையே மறைத்த மனுஷி. அவருக்கே அடுத்தவர் காலடி வேண்டியிருக்கிறது. அவள் வீட்டுக்குப் போகவில்லை, நேரே அலுவலகத்துக்குப் போனாள். குப்பைக் கோப்பைத் திறந்தாள். எட்டாம் நம்பர், பதினான்காம் நம்பர், இருபதாம் நம்பர், எல்லோரும் எடையும் வயதும் நடையுமாக வரிசையாக இருந்தார்கள். எல்லாவற்றையும் அழித்தால் டேனியல் மறுபடி எடுக்கச் சொல்வார். கொஞ்சம் யோசித்தாள். ஆள் அடையாளம் இருந்த ஒவ்வொரு இடத்திலும் ஒரே ஒரு சொல்லைப் போடும்படி சல்லடைக்குப் புதிதாகப் பாடம் எடுத்தாள். ஆளைப் பிரிக்கத் தெரிந்த பழைய பாடத்தை மட்டும் அழித்தாள்.

திங்கட்கிழமை இன்ஷூரன்ஸ் அதிகாரி மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரையை ரொம்ப நேரம் படித்தார்.

“மிஸ்டர் டேனியல், இந்த நகர்ல மனுஷங்களே இல்லையா? ஒவ்வொரு வீட்டுலயும் நாலு கிரைண்டர், அஞ்சு கிரைண்டர்னு போட்டிருக்கு. இருபதாம் நம்பர்ல ஒரு கிரைண்டர் மொட்டை மாடிக்குப் போய்ப் போய் வருது.”

டேனியல் திரையைப் பார்த்தார். பிறகு வாணியைப் பார்த்தார்.

“வாணி, கிரைண்டர் மாடிப்படி ஏறுமா?”

“கோயமுத்தூர் கிரைண்டருங்க சார். ஏறும்.”

டேனியல் மேஜையில் இருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தார். அப்புறம் அதிகாரி பக்கம் திரும்பினார்.

“ஏறுமாங்க” என்றார்.